உளியும் விரலும்



அமெரிக்காவின் நியூ மெக்சிகோ, அரிசோனா பக்கம் பியூப்ளோ பழங்குடி மக்களின் மண் வீடுகள் உண்டு. கூரையைத் தாங்கும் மரக்கட்டைகளின் நுனி சுவருக்கு வெளியே வரிசையாக நீட்டிக்கொண்டிருக்கும். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்தப் பாணியிலேயே புதுக் கட்டடங்கள் எழுந்தன. கிராண்ட் கன்யன் விளிம்பில், மேரி கோல்ட்டர் வடிவமைத்து 1905இல் திறக்கப்பட்ட ஹோபி இல்லத்தில், பியூப்ளோ மக்களில் ஒரு பிரிவினரான ஹோபி மக்களே கட்டட வேலை செய்தார்கள். பாணி பிரபலமானதும் பாரமே தாங்காத கட்டை நுனிகளை அழகுக்காகச் சுவரில் பொருத்தும் பழக்கமும் வந்துவிட்டது. பாரம் தாங்குவதற்கும் வெறும் அழகுக்கும் உள்ள இந்த வேறுபாட்டை மனதில் வைத்துக்கொண்டு, இலங்கையில் நம் ஊவா மாகாணத்தைக் கொஞ்சம் சுற்றி வருவோம்.

ஹப்புத்தளை ஆடிஷாம் பங்களாவை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். 1931இல் அதைக் கட்டியவர் ஜோர்ஜ் ஸ்டூவர்ட் கம்பனியின் தலைவராக இருந்த சேர் தோமஸ் வில்லியர்ஸ். தான் பிறந்த ஊரின் பெயரையே வீட்டுக்கும் வைத்தார். ஹோபி இல்லத்தில் அந்த மண்ணின் பாணி திரும்பி வந்தது என்றால், இங்கே இங்கிலாந்தின் பழைய டியூடர் பாணி கப்பலேறி வந்தது. கதவுகளுக்கும் மாடிப்படிக்கும் பர்மாத் தேக்கு. சுவரோ கருங்கல். பக்கத்தில் போய்ப் பாருங்கள். ஒரு கல்லைப் போல் இன்னொரு கல் இல்லை. மேடு பள்ளம் அப்படியே இருக்கிறது. அந்தச் சுவர்தான் கட்டடத்தின் பாரத்தைச் சுமக்கிறது, அதனால் அங்கே அழகும் உண்மையானது. ஆனால் ஒன்றைச் சொல்லாமல் நகர எனக்கு மனமில்லை. இந்த மாளிகை எழுந்த நாட்களில், சுற்றிலும் உள்ள தேயிலைத் தோட்டங்களில் 10 அடிக்கு 12 அடி லயக் காம்பராவில் ஒரு தொழிலாளர் குடும்பமே அடைந்து கிடந்தது. 1961 முதல் ஆடிஷாம் பெனடிக்ட் சபைத் துறவிகளின் மடமாக இருக்கிறது. வார இறுதியிலும் போயா நாளிலும் நாமும் உள்ளே போகலாம்.

என் மனம் அதிகம் ஒட்டிக்கொண்டது போகொட மரப்பாலத்தில்தான். பதுளைக்கு மேற்கே, ஹாலிஎல பக்கம், கல்லந்த ஓயாவின் மேல் நிற்கிறது. 16ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்பார்கள். பதுளையையும் கண்டியையும் இணைத்த பழைய பாதையில் வந்தவர்கள் இதன் வழியாக ஆற்றைக் கடந்தார்கள். நீளம் ஏறத்தாழ 50 அடி, அகலம் 6 அடி. மேலே ஓட்டுக்கூரை, இரு பக்கமும் மரத்தடுப்பு. பலாவும் மருதமும் கொண்டு செய்த வேலை. தடுப்பின் கட்டங்களை நின்று பாருங்கள். அதை இழைத்த தச்சன் அழகை மட்டும் நினைத்திருக்க மாட்டான். மழை நாளில் ஆறு பொங்கும்போது வழிப்போக்கன் கை பிடித்து நடக்க வேண்டுமே! கூரையும் அப்படித்தான். ஊவா மழையில் பலகை இற்றுப்போகாமல் அதுதான் காக்கிறது. பக்கத்திலுள்ள குகை விகாரைக்கு வருகிறவர்கள் இன்றும் அந்தப் பாலத்தில் நிழலுக்கு ஒதுங்குகிறார்கள்.

இனி நம் தோட்டத்துக் கோயில்களுக்கு வருவோம். இந்த மலைகளில் நம்மவர்களின் கைவேலை அதிகம் தங்கியிருப்பது அங்கேதான். செங்கல்லையும் கம்பியையும் உள்ளே வைத்து, சாந்தை அப்பி, ஈரம் காய்வதற்குள் விரலாலும் சின்னக் கரண்டியாலும் சிலைகளுக்குக் கண், மூக்கு, நகை, சேலை மடிப்பு எல்லாம் எடுக்கிறார்கள். சுதை வேலை என்பது இதுதான். அச்சில் வார்த்த பொம்மையில் இரண்டு துவாரபாலகர்களுக்கும் ஒரே முகம். கையால் செய்தால் ஒருவருக்குக் கோபம் சற்றுக் கூடியிருக்கும். ஊர்ப் பிள்ளைகளுக்கு எந்தப் பக்கத்தார் பொல்லாதவர் என்று தெரியும்!

அந்த முகங்கள் இன்று பெயின்டுக்குள் புதைகின்றன. ஒவ்வொரு கும்பாபிஷேகத்துக்கும் பழைய பூச்சைச் சுரண்டாமல் அதன் மேலேயே எனாமலைப் பூசினால், இமை கண்ணோடு ஒட்டிப்போகும், விரல்களின் இடைவெளி அடைபடும். ஆகவே கோயில் கமிட்டிக்காரர்களே, திருப்பணிக்கு நாள் குறிக்கும்போது பழைய பூச்சைப் பதமாக எடுக்கவும் ஒரு தொகையை ஒதுக்குங்கள். சிலையில் கை வைக்குமுன் நாலு பக்கமும் படம் எடுத்து வையுங்கள். சுதை வேலை தெரிந்த பெரியவர் தோட்டத்தில் இருந்தால், அந்த வேலை நடக்கும் நாட்களில் இரண்டு இளவட்டங்களை அவர் பக்கத்தில் உட்கார வையுங்கள்.