தத்தெடுக்க நினைக்கிறவர்கள் கேட்கும் கேள்விகள்
(புத்தாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



"எங்களுக்குப் பிரஜாவுரிமை இல்லை, வாடகை வீடு. பிள்ளை தருவினமோ?" இதுதான் முதற் கேள்வி. இங்கிலாந்தில் 2002ஆம் ஆண்டுச் சட்டம் கேட்பது 21 வயதும், ஒரு வருடமாவது இங்கே நிலையாக வசித்திருப்பதும். பிரஜாவுரிமையோ சொந்த வீடோ அல்ல. தனி ஆளும் எடுக்கலாம். சோஷல் வேர்க்கர் வீட்டுக்கு வந்து எல்லாம் விசாரிப்பார். அதற்காகக் கறிச்சட்டியை ஒளிக்க வேண்டாம்!

"ஊரிலை தங்கச்சியின்ரை பிள்ளையைக் கூப்பிடலாமோ?" இதில் கவனம். இங்கே முதலில் மதிப்பீடும் அனுமதியும் பெறாமல் தத்தெடுக்கவென்று பிள்ளையைக் கொண்டு வருவது, சொந்தமானாலும், குற்றம்.

கடைசிக் கேள்வியை மெதுவாகத்தான் கேட்பார்கள். "பிள்ளைக்குச் சொல்ல வேணுமோ?"

சொல்லத்தான் வேணும். மறைத்தாலும் 18 வயதில் தன் பிறப்புப் பதிவைக் கேட்டு எடுக்க அதற்கு உரிமை உண்டு. அதற்கு முன்பே கலியாண வீட்டில் யாரோ ஒரு மாமி சொல்லிவிடுவா. மூன்று வயதிலேயே, மடியில் வைத்து, கதைபோலச் சொல்லுங்கோ. பெற்ற தாயைக் குறைவாகப் பேசாதையுங்கோ.

மண்டபத்தில் இருக்கிற மற்றவர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: அந்தப் பிள்ளையைக் கண்டால் "ஆற்றை பிள்ளை?" எண்டு கேளாதையுங்கோ.