பெட்டி சொன்னால் போதுமா?



இன்று நான் பேச எடுத்துக் கொண்ட விஷயம், மறைந்திருப்பதைக் கண்டுபிடிக்கும் யந்திரங்களைப் பற்றியதாகும். மூட்டைக்குள் மறைந்திருக்கும் வெடிகுண்டு, மனிதன் மனதுக்குள் மறைந்திருக்கும் பொய், ஆகாயத்தில் எட்டாத தூரத்திலிருக்கும் உலகங்கள் ஆகிய மூன்றையும் கண்டுபிடிப்பதாகச் சொல்லும் யந்திரங்கள் வந்திருக்கின்றன. அவற்றில் எதை நம்புவது, எதைத் தள்ளுவது என்பதுதான் கேள்வி. நான் சொல்லுவதையும் அப்படியே நம்பிவிடாமல், உங்கள் புத்திக்குச் சரியென்று பட்டதை மாத்திரம் எடுத்துக் கொள்ளும்படி முதலிலேயே கேட்டுக் கொள்ளுகிறேன்.

இந்த விஷயத்தைப் பேச வேண்டிய அவசியம் எப்படி வந்ததென்றால், நமது ஆத்திக நண்பர்கள் இப்போது ஒரு புதுக் கேள்வியைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். "ஐயா பகுத்தறிவுக்காரரே! கண்ணால் காணாத மோட்சத்தை நம்ப மாட்டேன் என்கிறீர். ஆனால் யாரும் போய்ப் பார்க்காத ஏதோ ஒரு நட்சத்திரத்தைச் சுற்றி ஓர் உலகம் சுற்றுகிறது என்று வெள்ளைக்காரன் சொன்னால் மட்டும் நம்புகிறீரே! எங்களுக்குப் புரோகிதன், உங்களுக்கு விஞ்ஞானி. இதில் என்ன வித்தியாசம்?" என்று கேட்கிறார்கள். கேள்வி நல்ல கேள்விதான். இதற்கு யோக்கியமான பதில் சொல்ல நாம் கடமைப்பட்டிருக்கிறோம். "விஞ்ஞானம் சொல்லுகிறது, ஆகவே நம்புகிறோம்" என்று நாம் பதில் சொன்னால், அது "வேதம் சொல்லுகிறது, ஆகவே நம்புகிறோம்" என்பதற்குத் தம்பிதான். அப்படிச் சொல்லுகிறவன் பகுத்தறிவுவாதியல்ல. சாமியை மாத்திரம் மாற்றிக் கொண்ட பக்தன்.

யந்திரத்தின் பேரைச் சொல்லி நடந்த ஒரு பித்தலாட்டத்தை முதலில் கேளுங்கள். இங்கிலாந்தில் ஜேம்ஸ் மெக்கார்மிக் என்று ஒரு வியாபாரி. அவர் ஏ.டி.இ. 651 என்று ஒரு கருவி விற்றார். கையில் பிடிக்க ஒரு பிடி, அதன்மேல் இங்குமங்கும் திரும்பும்படி ஒரு கம்பி, இவ்வளவுதான் கருவி. அதில் பாட்டரி கிடையாது. குண்டுக்கு ஓர் அட்டை, கஞ்சா அபினிக்கு ஓர் அட்டை, யானைத் தந்தத்துக்கு ஓர் அட்டை என்று செருகிக் கொண்டு நடந்தால், அந்தச் சாமான் ஒரு கிலோமீட்டர் தூரத்திலிருந்தாலும் கம்பி அந்தப் பக்கம் திரும்பிக் காட்டும் என்றார். ஈராக் சர்க்கார் 8 கோடி டாலருக்கு மேல் கொடுத்து வாங்கி, பாக்தாத் பட்டினத்துச் சோதனைச் சாவடிகளில் சிப்பாய்கள் கையில் கொடுத்தது. கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலையில் ஓர் அட்டையைப் பிரித்துப் பார்த்தபோது, ஜவுளிக்கடையில் திருட்டைத் தடுக்கச் சாமான்களில் ஒட்டும் சாதாரண வில்லைதான் உள்ளே இருந்தது!

இதன் பலன் என்ன தெரியுமா? 2009 அக்டோபர் 25-ந் தேதி பாக்தாதில் சர்க்கார் கட்டிடங்களுக்கு எதிரில் வண்டிகளில் வந்த குண்டுகள் வெடித்து 150 பேருக்கு மேல் மாண்டார்கள். வழியில் சாவடிகள் இருந்தன. சாவடிகளில் இந்தக் கம்பியும் இருந்தது. குண்டு ஏற்றிய வண்டி தாராளமாகத் தாண்டிப் போயிற்று. அப்போது அங்கே குண்டுத் தடுப்பு இலாகாவின் தலைவராயிருந்த தளபதி, மந்திரமானால் என்ன, சாஸ்திரமானால் என்ன, குண்டைக் கண்டுபிடித்தால் சரி என்ற கருத்தில் பத்திரிகைக்காரரிடம் பேசினார். கருவி தவறினால் அதற்குப் பிடிக்கிறவனின் பயிற்சிக் குறைவே காரணம் என்றார்கள். தோழர்களே! இதை எங்கேயோ கேட்டமாதிரி இல்லையா? நேர்ந்து கொண்டும் பிள்ளை பிழைக்கவில்லையென்றால், "உனக்குப் பக்தி போதாது" என்று பூசாரி சொல்லுகிறானே, அதுதான் இது! அந்தத் தளபதி 2011-ல் லஞ்சக் குற்றத்தின் பேரில் கைது செய்யப்பட்டார். மெக்கார்மிக்குக்கு 2013-ல் லண்டன் கோர்ட்டில் 10 வருஷ தண்டனை கிடைத்தது. இவ்வளவுக்குப் பிறகும் அந்தக் கம்பி பாக்தாத் சாவடிகளை விட்டுப் போகவில்லை. 2016 ஜூலையில் கர்ராதா கடைவீதியில் 300 பேருக்கு மேல் செத்த பிறகுதான், அதை எடுத்தெறியும்படி ஈராக் பிரதம மந்திரி உத்தரவு போட்டார்.

அப்படியானால் சிப்பாய்கள் கையில் அந்தக் கம்பி எப்படித் திரும்பிற்று? அவர்கள் வேண்டுமென்று திருப்பவில்லை. நம் ஊரில் கிணறு வெட்டுமுன் கவட்டைக் குச்சியையோ தேங்காயையோ கையில் வைத்துக் கொண்டு நீரோட்டம் பார்க்கிறார்களே, அவர்கள் கையிலும் அது அசையத்தான் செய்கிறது. அசைப்பது தண்ணீரல்ல, பிடித்திருப்பவனுடைய கை. மனம் எதை எதிர்பார்க்கிறதோ, அதற்குத் தக்கபடி கை அவனுக்கே தெரியாமல் சிறிது அசைகிறது. 1853-ல் இங்கிலாந்தில், பேயின் சக்தியால் மேஜை நகருகிறது என்று பெரிய மனிதர்களெல்லாம் நம்பிக் கொண்டிருந்தபோது, பாரடே என்ற விஞ்ஞானி ஒரு காரியம் செய்தார். மேஜைக்கும் கைகளுக்கும் நடுவே அட்டைகளை மிருதுவான பசை போட்டு ஒட்டி அடுக்கி வைத்தார். பேய் மேஜையை நகர்த்துவதானால் அடி அட்டை முதலில் நகர வேண்டும்; கை நகர்த்துவதானால் மேல் அட்டை முதலில் நகர வேண்டும். மேல் அட்டைதான் முந்தி நகர்ந்திருந்தது! இந்தப் பாரடே ஓர் ஏழைக் கொல்லனுடைய மகன். புஸ்தகம் பைண்டு செய்யும் கடையில் வேலை கற்றுக் கொண்டிருந்தவர். அவருக்கு வேண்டியிருந்ததெல்லாம் நாலு அட்டையும் கொஞ்சம் புத்தியுந்தான்.

இதே அட்டை வேலையை யாரும் எந்தக் கருவிக்கும் செய்யலாம். தாய்லாந்து சர்க்கார், ஜி.டி. 200 என்ற இதே ஜாதிக் கருவியை நூற்றுக்கணக்கில் வாங்கி வைத்திருந்தது. 2010-ல் வெடிமருந்தை ஒளித்து வைத்து, எங்கே இருக்கிறதென்று பிடிக்கிறவனுக்குத் தெரியாமல் பரீட்சித்தார்கள். 20 தடவையில் 4 தடவைதான் சரியாகக் காட்டிற்று. குருட்டாம்போக்கில் கையை நீட்டியிருந்தாலும் அவ்வளவு கிடைத்திருக்கும்!

எல்லாக் கருவியும் பொய்யென்று நான் சொல்லவில்லை. உலோகத்தைக் கண்டுபிடிக்கும் யந்திரத்தைப் பாருங்கள். அதற்குள் ஒரு கம்பிச்சுருள் இருக்கிறது. அதில் மின்சாரம் திசை மாறி மாறி ஓடுகிறது. பக்கத்தில் இரும்போ பித்தளையோ வந்தால், அதற்குள்ளும் மின்சாரம் கிளம்பிச் சுருளின் ஓட்டத்தைக் கலைக்கிறது. உடனே சப்தம் கேட்கிறது. மரக்கட்டையை வைத்தால் சப்தம் கேட்பதில்லை. ஆத்திகன் பிடித்தாலும் கேட்கும், நாத்திகன் பிடித்தாலும் கேட்கும். அதற்கு யாருடைய பக்தியும் வேண்டியதில்லை.

நிற்க, இரண்டாவதாகப் பொய்யைக் கண்டுபிடிக்கும் யந்திரத்துக்கு வருவோம். 1921-ல் அமெரிக்காவில் பெர்க்லி என்ற ஊர்ப் போலீசில் வேலை பார்த்த லார்சன் என்பவர் இதைச் செய்தார். ஒரு மனிதனைக் கேள்வி கேட்கும்போது அவனுடைய இரத்த அழுத்தத்தையும் மூச்சையும் அது கோடு போட்டுக் காட்டும். பிற்பாடு வேர்வையையும் சேர்த்துக் கொண்டார்கள். இதில் பொய் எங்கே இருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். யந்திரம் காண்பது படபடப்பை. பொய்யனுக்கும் படபடப்பு உண்டு. உண்மை சொல்லியும் தன்னை நம்ப மாட்டார்களே என்று நடுங்குகிறவனுக்கும் படபடப்பு உண்டு. பழைய காலத்தில் நம் தேசத்தில் சந்தேகப்பட்டவன் வாயில் அரிசியைப் போட்டு மென்று துப்பச் சொல்லுவார்கள். எச்சில் ஊறாமல் அரிசி உலர்ந்து வந்தால் திருடன் என்பார்கள். பயந்தவன் வாய் உலரும் என்பது நிஜம். பயந்தவனெல்லாம் திருடன் என்பதுதான் பொய். அமெரிக்க யந்திரம் அந்த அரிசிக்கு மின்சாரம் பூட்டியதேயாகும்.

அமெரிக்க உளவு இலாகாவிலேயே ஆல்ட்ரிச் ஏம்ஸ் என்றொரு உத்தியோகஸ்தர் ரஷ்யாவுக்கு இரகசியங்களை விற்றுக் கொண்டிருந்தார். 1986-லும் 1991-லும் அவரை இந்த யந்திரத்தில் உட்கார வைத்தார்கள். இரண்டு தடவையும் தேறிவிட்டார்! 1994-ல் தான் பிடிபட்டார். துணிந்த துரோகி தேறுகிறான். போலீசு ஸ்டேஷன் வாசற்படியை மிதித்தாலே கைகால் உதறும் கூலிக்காரனும், தலைமுறை தலைமுறையாக ஒதுக்கி வைத்து அடித்துப் பயமுறுத்தப்பட்ட ஜாதியில் பிறந்தவனும் தேறுவானா? பணமும் அதிகாரமும் இருப்பவன் நாடி நிதானமாக ஓடும். ஏழையின் நாடி துடிக்கும். இப்படிப்பட்ட யந்திரத்தை நீதிபதியின் ஆசனத்தில் உட்கார வைத்தால், அது மனுதர்மத்தின் வேலையைத்தான் வேறு வேஷத்தில் செய்யும்.

நல்ல வேளையாக, 2010 மே 5-ந் தேதி நமது சுப்ரீம் கோர்ட்டு, செல்வி எதிர் கர்நாடக மாநிலம் என்ற வழக்கில் ஒரு தீர்ப்புச் செய்தது. பொய் கண்டறியும் யந்திரமோ, மயக்க ஊசியோ, மூளையின் மின் அலையைப் பார்க்கும் யந்திரமோ, எதையும் ஒருவருடைய சம்மதமில்லாமல் அவர்மீது பிரயோகிக்கக் கூடாது. சம்மதத்தை மாஜிஸ்திரேட் முன் பதிய வேண்டும். வக்கீல் உதவியும் இருக்க வேண்டும் என்பது அதன் சாரம். தோழர்கள் இதை ஊருக்கு ஊர் சொல்ல வேண்டும். லாக்கப்பில் இருக்கிறவனிடம் வாங்கும் சம்மதம் எவ்வளவு தூரம் சம்மதம் என்பதையும் கேட்க வேண்டும். ஏனென்றால் இந்த வியாபாரம் ஓயவில்லை. 2016 முதல் 2019 வரை ஐரோப்பிய யூனியன் பணத்தில், எல்லை தாண்டி வருகிறவர்களின் முகத்தைக் காமிராவில் பார்த்துப் பொய்யைக் கண்டுபிடிக்கும் கம்ப்யூட்டர் ஒன்றைப் பரீட்சித்தார்கள். பெட்டி புதிது, அரிசி பழையது.

இனி எட்டாத உலகங்களைப் பற்றிச் சொல்லுகிறேன். ஆத்திக நண்பரின் கேள்விக்கு இங்கேதான் பதில் இருக்கிறது. வேறு நட்சத்திரத்துக்குக் கிரகம் உண்டு என்று முதலில் சொல்லியவர்களில் ஒருவர் நமது சென்னையில்தான் இருந்தார். நுங்கம்பாக்கத்திலிருந்த கம்பெனி சர்க்காரின் வானாராய்ச்சிக் கூடத்திலிருந்து, 1855-ல் கேப்டன் ஜேக்கப் என்பவர், 70 ஓபியூக்கி என்ற இரட்டை நட்சத்திரத்தின் போக்கு கணக்குக்கு ஒத்து வரவில்லை, ஆகவே கண்ணுக்குத் தெரியாத ஒரு கிரகம் அங்கே இருக்கலாம் என்று எழுதினார். பின்னர் அமெரிக்காவில் ஸீ என்பவரும் அப்படியே சொன்னார். 1899-ல் மோல்ட்டன் என்பவர் கணக்குப் போட்டு, ஸீ சொல்லுகிற பாதையில் ஒரு கிரகம் நிலைத்து ஓட முடியாது என்று காட்டினார். அந்தக் கிரகம் தள்ளுபடியாயிற்று. எந்த விஞ்ஞானியும் "எங்கள் மனம் புண்பட்டது" என்று ஊர்வலம் போகவில்லை.

இன்னொன்று கேளுங்கள். 1991-ல் ஆண்ட்ரூ லைன் என்ற ஆங்கில விஞ்ஞானி, பல்சார் என்ற ஒருவகைச் செத்த நட்சத்திரத்தைச் சுற்றி ஒரு கிரகம் இருப்பதாகப் பிரசுரித்தார். உலகமே புகழ்ந்தது. 1992 ஜனவரியில் அமெரிக்காவில் அட்லாண்டா மகாநாட்டில் அவரைப் பேச அழைத்தார்கள். அவர் எழுந்து, பூமி சூரியனைச் சுற்றும் பாதை சரியான வட்டமல்ல என்பதைக் கணக்கில் சரியாகச் சேர்க்காததால் வந்த பிழை இது, அங்கே கிரகமே இல்லை என்று சொல்லிவிட்டார். கூடியிருந்த விஞ்ஞானிகள் கைதட்டி அவரைக் கௌரவித்தார்கள். அடுத்தபடியாக வோல்ஷான் என்பவர் எழுந்து, வேறொரு பல்சாரைச் சுற்றிக் கிரகங்கள் உண்டு என்றார். அந்தப் பிழையை நீக்கிப் பார்த்த பிறகும் அவை நின்றன, இன்றும் நிற்கின்றன.

1995-ல் மேயர், கேலோ என்ற இரண்டு ஸ்விட்சர்லாந்துக்காரர்கள், சூரியனைப் போன்ற ஒரு நட்சத்திரத்துக்குக் கிரகம் கண்டார்கள். கிரகத்தைப் பார்க்கவில்லை. கிரகம் சுற்றும்போது அது இழுக்கிற இழுப்பில் நட்சத்திரமும் சிறிது முன்னும் பின்னும் ஆடுகிறது. ரயில் நம்மை நோக்கி வரும்போது ஊதலின் சுருதி ஏறியும், தாண்டிப் போகும்போது இறங்கியும் கேட்கிறதல்லவா? அதுபோல நட்சத்திரத்தின் ஒளியிலும் ஒரு மாறுதல் உண்டு. ஒளி 50 வருஷம் பிரயாணம் செய்து வரும் தூரத்திலுள்ள அந்த நட்சத்திரம் விநாடிக்குச் சுமார் 55 மீட்டர் வேகத்தில் ஆடுவதை அளந்தார்கள். சில நாட்களுக்குள் கலிபோர்னியாவில் வேறு இருவர், வேறு தூரதரிசினியில் பார்த்து, ஆம் என்றார்கள். 1997-ல் கனடாவில் கிரே என்பவர், இது கிரகமல்ல, நட்சத்திரமே துடிக்கிறது என்று மறுத்தார். மறு வருஷம் மேலும் அளந்து பார்த்து, தம் மறுப்பைத் தாமே வாபஸ் வாங்கிக் கொண்டார். 1999-ல் ஆடிக் கொண்டிருந்த இன்னொரு நட்சத்திரத்தில், கிரகம் குறுக்கே வர வேண்டிய வேளையை முன்கூட்டிக் கணக்கிட்டுப் பார்த்தார்கள். சொன்ன வேளையில் ஒளி நூற்றுக்கு ஒன்றரைப் பங்குக்கு மேல் மங்கிற்று! இப்படி அகப்பட்ட உலகங்களின் தொகை 2022 மார்ச்சில் 5000-ஐத் தாண்டியது. மேயருக்கும் கேலோவுக்கும் 2019-ல் நோபல் பரிசு வந்தது.

ஆத்திக நண்பரே! வித்தியாசம் இப்போது விளங்குகிறதா? நாங்கள் காணாததை நம்புகிறோம் என்பது சரியல்ல. தப்பாயிருந்தால் தப்பென்று கண்டுபிடிக்க வழி வைத்துச் சொன்னதை, எதிரி பரீட்சித்தும் நின்றதை, அது நிற்கிற வரையில் ஒப்புக் கொள்ளுகிறோம். உமது மோட்சத்துக்கு அப்படி ஒரு பரீட்சை சொல்லும். அதையும் பார்த்து விடுவோம்.

தோழர்களே! இனிமேல் உங்கள் முன்னால் மை போட்டுப் பார்க்கிறவன் வந்தாலும், சட்டை போட்ட கம்பெனி ஏஜெண்டு பளபளக்கும் பெட்டியோடு வந்தாலும், மூன்று கேள்வி கேளுங்கள். இது எப்படி வேலை செய்கிறது? ஒளித்து வைத்து, உனக்குத் தெரியாமல் பரீட்சித்தால் ஒப்புக் கொள்ளுகிறாயா? தவறினால் பெட்டியின் மீது குற்றமா, பிடித்தவன் மீது குற்றமா? பதில் சொல்லுகிறவனோடு பேசுங்கள். கோபித்துக் கொள்ளுகிறவனை வந்த வழியே அனுப்புங்கள். கல்லுக்கு முன் குனியாத தலை பெட்டிக்கு முன்னும் குனியக் கூடாது என்று கேட்டுக் கொள்ளுகிறேன்.