மூட்டை தூக்கினவன் வீட்டுக்கு என்ன பதில்?

இந்தத் திருவையாற்று மேடையில சால்வை வேணாம்னு சொல்லிட்டேன். அந்தக் காசு வேற ஒரு வீட்டுக்குப் போகணும்.

2018 ஆகஸ்ட் மாசத்தை மறந்திருக்க மாட்டீங்க. மேட்டூர்ல ஏறத்தாழ 2 லட்சம் கனஅடி திறந்தாங்க. 22-ம் தேதி ராத்திரி முக்கொம்புல கொள்ளிடம் மேலணையோட 9 மதகு அடிச்சுக்கிட்டுப் போச்சு. அந்த வாரம் கொள்ளிடக்கரையில யாருங்க தூங்கினது? கரையில விரல் கனத்துக்குக் கசிவு தெரிஞ்சா போதும், ஊரே மண்வெட்டியோட ஓடும். கசிவைச் சுத்தி மணல் மூட்டையை வளைச்சு அடுக்கணும், சவுக்குக் கம்பை அடிச்சு இறக்கணும், மண்ணைப் போட்டு மிதிக்கணும். சம்பளமா? ஒரு டம்ளர் டீ! வெள்ளத் தடுப்பு வேலைக்கு ஊர்க்காரனைக் கூப்பிட வெள்ளைக்காரன் 1858-லேயே சட்டம் போட்டுட்டான். கூப்பிட்டா வரணும், அது சட்டம். வந்தவன் வீடு திரும்பலைன்னா?

இங்க முன்வரிசையில ஒரு அம்மா உட்கார்ந்திருக்காங்க. பேரு சொல்ல மாட்டேன். அவங்க மகன் வெள்ள ராத்திரியெல்லாம் மூட்டை சுமந்தவன், ஒண்ணும் ஆகலை. பிறகு ஒருநாள், வெயில் அடிக்கிற பகல்ல, சுழல்ல மாட்டின ரெண்டு புள்ளைங்களைக் கரையேத்தினான். மூணாவது புள்ளைக்காகத் திரும்பினான்... கைதட்டாதீங்கய்யா, அந்தம்மா முகத்தைப் பாருங்க.

பேரிடர்ல செத்தவங்க குடும்பத்துக்கு 4 லட்சம்னு மத்திய அரசு விதி இருக்கு. மீட்பு வேலையில இருந்து செத்தவங்களும் அதுல சேர்த்தின்னு தெளிவா எழுதியிருக்கான். 2015-ல வெச்ச தொகை, அரிசி விலை எங்க போச்சுன்னு உங்களுக்கே தெரியும்! சரி, அதையாவது கொடுன்னா, சாவுக்கான காரணத்துக்கு அதிகாரி சான்று வேணுமாம். எஃப்.ஐ.ஆர்., பிரேதப் பரிசோதனை அறிக்கை, வி.ஏ.ஓ., ஆர்.ஐ., தாசில்தார், அப்புறம் வாரிசுச் சான்று. இத்தனை மேசை தாண்டினா கடைசி மேசையில கேட்கிறாங்க, "அன்னைக்கு வெள்ளமே இல்லையேம்மா?" மத்திய அரசோட பட்டியல்ல புயல் உண்டு, வெள்ளம் உண்டு, உறைபனிகூட உண்டு. தஞ்சாவூருக்கு உறைபனி! ஆத்துல மூழ்கிச் சாகுறது மட்டும் இல்லை.

கஜா புயல் வந்துது, 2018 நவம்பர் 16. பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு பக்கம் தென்னை அத்தனையும் படுத்துடுச்சு. ரோட்டுல கிடந்த மரத்தை அறுத்தது யாரு? நம்ம பசங்க. அறுத்த மரத்து மேல ஒரு காலை வெச்சு போட்டோ எடுத்தது யாரு? ஏன் சிரிக்கிறீங்க, நான் யார் பேரையும் சொல்லலையே! வெள்ளை வேட்டியில ஒரு சொட்டுச் சேறு இல்லை, ஃபிளெக்ஸ்ல மட்டும் "களத்தில் நாயகன்"! அந்த நாயகன் இந்தம்மா வீட்டுக்கு மாலையோட வந்தாரு, கேமரா போனதும் அவரும் போயிட்டாரு.

விடுங்க, அவரைப் பத்திப் பேசினா விடிஞ்சிடும். பேரிடர்ல உதவுற தொண்டர்களுக்கு அரசு கொடுக்கிற ஆப்த மித்ரா பயிற்சி எடுத்தவங்களுக்குக் காப்பீடு இருக்கு, நல்ல திட்டம். ஆனா அலறல் கேட்டுக் குதிக்கிறவன் பதிவேட்டுல கையெழுத்துப் போட்டுட்டா குதிப்பான்? அமெரிக்காவுல காப்பாத்துற வேலையில செத்தவங்க குடும்பத்துக்குப் பணம் கொடுக்க 1976-ல சட்டம் போட்டப்பவே, சம்பளமில்லாத் தீயணைப்புத் தொண்டனையும் அதுல சேர்த்துக்கிட்டாங்க. அங்கயும் வருஷக்கணக்குல இழுத்தடிச்ச கதை உண்டு. அதனாலதான் தொகையை விடத் தேதிதான் முக்கியம்னு சொல்றேன்.

கஜாவுல செத்தவங்க குடும்பத்துக்கு 10 லட்சம் அறிவிக்க முடிஞ்ச மாநிலம் இது. காப்பாத்தப் போய்ச் செத்தவனுக்கு எந்தப் பட்டியலும் பார்க்காம ஆணை போடலாம். காரியம் நடக்கிறதுக்குள்ள அவசரச் செலவுக்குப் பணம், 30 நாளுக்குள்ள முழுத் தொகை. சான்று வாங்குறது அதிகாரி வேலை, அந்தம்மா வேலை இல்லை.

வர்ற திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ்ல குறைதீர்க்கும் நாள். காலையில பத்து மணிக்கு அந்தம்மா மனுவோட வர்றாங்க. நீங்களும் வாங்க. ஃபிளெக்ஸ் மட்டும் கொண்டாராதீங்க.