பேட்டரி முடிவு செய்த அளவு

பிளாஸ்டிக்கில் டாங்கி மாதிரி செய்கிறவர்கள் உலகம் முழுக்க அதிகம் கையாளும் அளவு, நிஜத்தில் 35-இல் ஒரு பங்கு. அதென்ன 35? ஏதோ பொறியியல் கணக்கு என்றுதான் பலரும் நினைப்பார்கள்.

ஜப்பானில் ஷிசுவோகா நகரில் 1946-இல் யோஷியோ தமியா மர அறுவை ஆலை ஒன்றைத் தொடங்கினார். அந்த நிறுவனம் மரப் பொம்மை மாதிரிகளுக்கு வந்து, பிறகு பிளாஸ்டிக்குக்கு மாறியது. 1960-களின் தொடக்கத்தில் அவருடைய மகன் ஷுன்சாகு, ஜெர்மனியின் பாந்தர் டாங்கியைக் கையில் எடுத்தார். வாங்குகிற பையன்களுக்கு வண்டி ஓடியாக வேண்டும். அதனால் மோட்டாரும் பேட்டரியும் உள்ளே அடங்குகிற மாதிரி உடலை அமைத்தார்கள். பிறகு அளந்து பார்த்தால் ஏறக்குறைய 35-இல் ஒரு பங்கு! மற்ற நிறுவனங்களும் அதையே பிடித்துக்கொண்டன.

அந்தக் காலத்துப் பெட்டி ஒன்று இன்றைக்கு உங்கள் கைக்குக் கிடைத்தால் வண்டியைக் கவிழ்த்துப் பாருங்கள். அடியில் சுவிட்சுக்கான ஓட்டைகள் இருக்கும். சங்கிலிக்கு மேலே பக்கவாட்டிலும் திறந்தே கிடக்கும். பக்கவாட்டை மெல்லிய பிளாஸ்டிக் தகடு வெட்டி அடைத்துவிடலாம், அது கண்ணில் படும். அடியில் உள்ள ஓட்டைகளை நான் தொடுவதில்லை. அவை அந்த வண்டியின் பிறப்புச் சான்றிதழ்.

பெட்டியைத் திறந்ததும் முதலில் பார்க்க வேண்டியது சங்கிலியை. பழைய சங்கிலிகள் வினைலால் ஆனவை. வினைலை வளையவைக்கச் சேர்த்த எண்ணெய் போன்ற பொருள் மெல்லக் கசியும். சக்கரங்களோடு ஒட்டிக்கொண்டு பல வருஷம் கிடந்திருந்தால், தொட்ட இடமெல்லாம் சக்கரம் இளகிப் பள்ளம் விழுந்திருக்கும். பழைய பெட்டி வாங்குவதானால், மேலே உள்ள ஓவியத்தில் மயங்குவதற்கு முன் இதைப் பார்த்துவிடுங்கள்.

பாகங்களைச் சோப்புத் தண்ணீரில் கழுவிக் காயவைத்த பிறகுதான் ஒட்ட வேண்டும். அச்சில் தடவிய எண்ணெய் இருந்தால் பெயின்ட் பிடிக்காது. ஒட்டுவதற்கென்று விற்கும் திரவம் நாம் நினைக்கிற பசை இல்லை. இரண்டு பக்கத்துப் பிளாஸ்டிக்கையும் கரைத்து ஒன்றாக்கிவிட்டு ஆவியாகிவிடும். தூரிகை நுனியால் இணைப்பில் தொட்டாலே போதும், தானே உள்ளே ஓடும். பெட்டியோடு வரும், வண்டியில் ஒட்டுகிற எண் படங்கள் மஞ்சளித்திருந்தால், அவற்றைச் சில நாள் வெயில் படும் ஜன்னல் கண்ணாடியில் ஒட்டிவைத்தால் பெரும்பாலும் வெளுத்துவிடும்.

பாந்தருக்கு அடர்மஞ்சள்தான் அடிப்படை. 1943 பிப்ரவரியில் ஜெர்மன் படை பிறப்பித்த உத்தரவு அது. அதன் மேல் பச்சையும் செம்பழுப்பும். ஆனால் நிறம் சரியாக இருந்தாலும் வண்டி பொம்மையாகவே தெரியும். இத்தனை சின்ன உருவத்தில் நிழல் போதுமான அளவு விழாது. நீர்க்கக் கரைத்த கரும்பழுப்பைக் கீல்களைச் சுற்றி ஓடவிட்டு நிழலை நாமே உண்டாக்க வேண்டும். பிறகு, தூரிகையில் வெளிர் நிறப் பெயின்டைத் தொட்டுத் துணியில் துடைத்துவிட்டு, மிச்சமிருக்கும் பொட்டு நிறத்தை விளிம்புகளில் லேசாக உரச வேண்டும். அதுவரை தட்டையாக இருந்த ஆணித்தலைகள் அப்போது மேலெழும்பும்.

நிஜப் பாந்தரின் இரும்புச் சங்கிலி தன் எடையிலேயே சக்கரங்களின் மேல் தொய்ந்து கிடக்கும். வினைல் சங்கிலியோ ரப்பர் போல விறைத்து நிற்கும். சூப்பர் குளூ வைத்துச் சக்கரத்தோடு அமுக்கி ஒட்டினால் தொய்வு வந்துவிடும், ஆனால் அப்புறம் மோட்டார் வைத்தாலும் வண்டி நகராது. எது வேண்டும் என்பதைச் சக்கரம் மாட்டுவதற்கு முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள்.