இயக்கியை மாற்றுமுன்...



"டிரைவர் அப்டேட்" பற்றிப் பேசப் போகிறேன் என்றதும் ஒப்பனை அறையில் ஓர் அக்காள், "எந்த பஸ் கம்பெனி?" என்று கேட்டார். இது அந்த டிரைவர் அல்ல. கணினிக்கும் அதோடு இணைத்த கருவிக்கும் இடையே மொழிபெயர்ப்பாளர் போல நிற்கும் சிறு மென்பொருள். தமிழில் இயக்கி என்கிறோம்.

என் அத்தை மகன் மருந்துத் தொழிற்சாலை ஒன்றில் தொழில்நுட்பர். அங்கே குளிர் அறையின் வெப்பநிலையை உணர்கருவிகள் அளந்து அனுப்ப, கணினி இரவு பகலாகப் பதிவு செய்யும். ஒரு வார இறுதியில் அந்தக் கணினி தானாகவே ஓர் இயக்கியைப் புதுப்பித்துக்கொண்டது. மறுபடி இயங்கியபோது கருவியின் வாயில் எண் மாறிவிட்டது. பதிவு மென்பொருளோ பழைய எண்ணிலேயே காத்துக்கிடந்தது. திங்கட்கிழமை காலையில் பார்த்தால், பல மணி நேரத்துக்குப் பதிவே இல்லை!

மருந்து கெட்டிருக்காது என்றே எல்லாரும் நம்பினார்கள். ஆனால், எதைக் காட்டி நிரூபிப்பது? அந்தத் தொகுதி முழுவதும் நிறுத்திவைக்கப்பட்டது. விசாரணையில் முதலில் அவனைத்தான் அழைத்தார்கள். "நான் எதையுமே செய்யவில்லை" என்றான். தானியங்கிப் புதுப்பிப்பை யாரும் நிறுத்தி வைக்கவில்லை என்பதுதான் பிழையே.

மின்னணுப் பதிவுகளுக்காக அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 1997இல் நடைமுறைப்படுத்திய 'பகுதி 11' விதி, அந்நாட்டுக்கு மருந்து அனுப்பும் ஆலைகளுக்கும் பொருந்தும். கணினி அமைப்பு சரியாக இயங்குகிறது என்று சோதித்துச் சான்று வைத்திருக்க வேண்டும். இயக்கி மாறினால், சோதித்த அமைப்பும் மாறிவிடுகிறது அல்லவா?

அதற்காகத் தொடவே மாட்டேன் என்று இருக்கவும் முடியாது. 2017 ஜூனில் 'நாட்பெட்யா' நச்சுநிரல் தாக்கியபோது, மெர்க் நிறுவனத்தின் உற்பத்தி தடைபட்டு, கார்டசில் தடுப்பூசியை அமெரிக்க அரசின் கையிருப்பிலிருந்து கடன் வாங்க நேர்ந்தது. அது பரவிய வழிகளுள் ஒன்றை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் மார்ச்சிலேயே வெளியிட்டிருந்தது. வேடிக்கை என்னவென்றால், அந்த நச்சுநிரல் முதலில் நுழைந்ததே உக்ரேனியக் கணக்கு மென்பொருள் ஒன்றின் புதுப்பிப்பு வழியாகத்தான்.

இப்போது அத்தை மகனின் ஆலையில், அதே வகைக் கணினி இன்னொன்றில்தான் புதிய இயக்கியை முதலில் நிறுவுகிறார்கள். 5 பாகைக்குரிய சமிக்ஞையைக் கொடுத்து, பதிவிலும் 5 வருகிறதா என்று பார்க்கிறார்கள். தரக் கட்டுப்பாட்டுப் பிரிவு கையெழுத்திட்ட பிறகே, இரண்டு தொகுதிகளுக்கு இடைப்பட்ட நேரத்தில் உற்பத்திக் கணினிக்கு அது போகிறது. அதற்கு முன் வட்டின் முழுப் பிரதியும் எடுத்தாக வேண்டும். சிக்கல் வந்தால் பழைய நிலைக்குத் திரும்பலாம்.

"கையெழுத்துக்கே மூன்று வாரம் ஆகிறதே!" என்று அவன் புலம்புகிறான். பெரிய ஆலை, அதனால் சமாளிக்கிறார்கள். ஒரே கணினியை வைத்துக்கொண்டு வேலை பார்க்கும் சிறு நிறுவனம் சோதனைக்கு இன்னொன்றுக்கு எங்கே போகும்? நமது மேடையில் இருக்கும் பொறியாளர் ஐயாதான் இதற்குப் பதில் சொல்ல வேண்டும்.