கூலி என்ற பெயரும் கடவுச்சீட்டின் நிறமும்

(விவசாயத் தொழிலாளர் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



இந்த வட்டாரத்தில் எந்தத் தெருவை எடுத்தாலும் சிங்கப்பூருக்கோ மலேசியாவுக்கோ வளைகுடாவுக்கோ போன பிள்ளைகள் இருக்கிறார்கள். போகக் காத்திருப்போரும் இருக்கிறார்கள். "நம்ம நாட்டுக்கு இப்ப வெளியில நல்ல பேரு, போற இடத்துல மரியாதையா நடத்துவாங்க" என்று ஏஜெண்டு சொல்லுகிறார். நாட்டுக்கு நல்ல பேர் வந்தால் நமக்கும் சந்தோஷம்தான். ஆனால் அந்தப் பேர் இதுவரை யாருக்குப் பயன்பட்டது, யாருக்குப் பயன்படவில்லை என்பதை நாம் கணக்குப் பார்க்க வேண்டாமா?

"கூலி" என்ற சொல்லையே எடுத்துக்கொள்வோம். நமக்குக் கூலி என்றால் ஆள் அல்ல. ஆள் செய்த வேலைக்குக் களத்தில் அளந்து போடும் நெல். கடல் தாண்டியதும் அது ஆளுக்கே பெயராயிற்று. பிறகு அந்த நாட்டிலிருந்து வந்த அத்தனை பேருக்கும் பெயராயிற்று. (அந்தச் சொல் குஜராத்துக் கோலி சாதியார் பெயரிலிருந்து வந்தது என்று வாதிடுவோரும் உண்டு. எதுவானாலும், வசையாக அதைச் சுமந்தவர்களில் நம்மவர் ஏராளம்.)

1893இல் காந்தி தென்னாப்பிரிக்கா போனார். லண்டனில் படித்த பாரிஸ்டர். கையில் முதல் வகுப்பு டிக்கெட். பீட்டர்மாரிட்ஸ்பர்க் ஸ்டேஷனில் ரயிலைவிட்டு இறக்கிவிட்டார்கள். அங்கே அவருக்குப் பெயர் "கூலி பாரிஸ்டர்". அடிமை நாட்டிலிருந்து வந்தவனுக்குப் படிப்பும் துணை நிற்கவில்லை, பணமும் துணை நிற்கவில்லை.

அடுத்த ஆண்டு அவரிடம் பாலசுந்தரம் என்ற தமிழ்த் தொழிலாளி வந்தார். ஒப்பந்தக் கூலி. எஜமான் அடித்ததில் முன்பற்கள் இரண்டு உடைந்து வாயில் ரத்தம். அந்த நிலையிலும் தலைப்பாகையைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். வெள்ளைக்காரர் முன்னால் அப்படித்தான் நிற்க வேண்டும் என்பது அங்கே வழக்கம். தலையில் கட்டிக்கொள் என்று காந்தி சொன்ன பிறகே கட்டினார்.

தோழர்களே, இதைக் கேட்கும்போது நம் பாட்டனார் நினைவு வருகிறதா இல்லையா? மிராசுதார் எதிரே வந்தால் தோளில் கிடந்த துண்டு இடுப்புக்கு இறங்கியது எந்த நாட்டில்? தென்னாப்பிரிக்காவில் அல்ல, இதே தஞ்சைச் சீமையில்தான். வெள்ளைத் துரை இந்த வழக்கத்தைப் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கவில்லை. பண்ணையாளாக இங்கே குனிய வைக்கப்பட்டவன், நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்கில் இறங்கியபோது அதே குனிவோடு இறங்கினான். வெளிநாட்டில் நமக்கிருந்த "பேர்" பாதி இங்கேயே செய்து அனுப்பப்பட்ட சரக்கு!

அந்தக் கப்பலையும் சொல்ல வேண்டும். ரஜூலா என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். 1926இல் ஓடத் தொடங்கி 1973வரை நம் கடலில் ஓடியது. காசுள்ளவருக்கு அறை, நம்மவருக்கு மேல்தளத்தில் பாய். ஒரே நாட்டு மக்கள், ஒரே கப்பல், ஆனால் துறைமுகத்தில் கிடைத்த வரவேற்பு இரண்டு விதம்.

மலேயா ரப்பர் தோட்டத்தில் ஒரு கட்டுப்பாடு இருந்தது. தொழிலாளி சைக்கிளில் போகும்போது துரை எதிரே வந்தால் இறங்கி நிற்க வேண்டும். 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தார்கள். சீனத் தொழிலாளிக்குச் சமமான சம்பளம் கேட்டார்கள். கூடவே, சைக்கிளைவிட்டு இறங்கமாட்டோம் என்றார்கள்! பட்டாளம் வந்தது, துப்பாக்கிச் சூடு நடந்தது, உயிர்கள் போயின. தலைவர் நாதனை நாடுகடத்தினார்கள். ஆனாலும் இவன் என்ன செய்தாலும் பொறுத்துக்கொள்வான் என்ற பேர் அன்றோடு போயிற்று. மூன்றே ஆண்டில், 1944இல், மன்னார்குடியில் மிராசுதார்கள் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். சாணிப்பாலுக்கும் சவுக்கடிக்கும் அதில் தடை. அங்கே சைக்கிள், இங்கே சவுக்கு.

சுதந்திரம் வந்தது, இனி நம் ஆளை யாரும் தொடமுடியாது என்று எண்ணினோம். பட்டுக்கோட்டைப் பக்கம் தம்பிக்கோட்டையில் பிறந்த கணபதி, மலாயா தொழிற்சங்க சம்மேளனத்தின் தலைவர். 1949 மே 4ஆம் நாள் கோலாலம்பூர் புடு சிறையில் வெள்ளை ஆட்சி அவரைத் தூக்கிலிட்டது. இந்திய அரசு வேண்டியும் கேட்கவில்லை. நாட்டுக்கு அன்று உலகில் பேர் இல்லாமல் இல்லை. நேருவின் பேச்சை உலகம் காதுகொடுத்துக் கேட்ட காலம்தான் அது!

இப்போது நம் காலத்துக்கு வருவோம். 1983ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டத்தின் கீழ், பத்தாம் வகுப்புத் தேறாதவர் பாஸ்போர்ட்டில் தனிக்குறி விழுந்தது. சில நாடுகளுக்கு வேலைக்குப் போக அவர் தனி அனுமதி வாங்க வேண்டும். ஏஜெண்டுகள் ஏமாற்றாமல் தடுக்கத்தான் என்றார்கள். நோக்கத்தைக் குறைசொல்லமாட்டோம். 2018 ஜனவரியில் இன்னொரு யோசனை வந்தது. இப்படிப்பட்டவர்களுக்கு ஆரஞ்சு நிறப் பாஸ்போர்ட், மற்றவர்களுக்கு வழக்கமான நீலம்! அந்நிய விமான நிலையத்தில் பையிலிருந்து எடுத்த உடனே, திறக்காமலே, இவன் யார் என்று தெரிந்துவிடும். எதிர்ப்புக் கிளம்பியது, அந்த மாதம் முடிவதற்குள் யோசனையைக் கைவிட்டார்கள்.

2020இல் நடந்தது அதைவிட மோசம். வளைகுடா போகும் நம் தொழிலாளிக்கு இதற்குக் குறைந்து சம்பளம் கூடாது என்று வைத்திருந்த தொகையை நம் அரசே 30 முதல் 50 சதவீதம் வரை வெட்டியது. வேலை பறிபோகாமலிருக்க என்று காரணம் சொன்னார்கள். பிலிப்பைன்ஸ் 2006இல் தன் வீட்டுவேலைப் பெண்களுக்கு மாதம் 400 டாலருக்குக் குறையக்கூடாது என்று ஏற்றி வைத்த நாடு. நாமோ நம் ஆளின் விலையை நாமே இறக்கினோம். கண்டனம் எழுந்த பிறகு 2021இல் அதைத் திரும்பப் பெற்றார்கள்.

பிள்ளைகளை அனுப்பவிருக்கும் குடும்பங்கள் இங்கே சில இருப்பதாகத் தோழர்கள் சொன்னார்கள். ஏஜெண்டு கொடுத்த ஒப்பந்தத் தாள் கையில் இருந்தால் கொண்டுவாருங்கள். சம்பளம் எவ்வளவு, பாஸ்போர்ட்டை யார் வைத்திருப்பது, திரும்பி வர டிக்கெட் யார் செலவு என்று கூட்டம் முடிந்ததும் உட்கார்ந்து வரிவரியாகப் படித்துப் பார்ப்போம். விளக்கை இப்போதைக்கு அணைக்க வேண்டாம் என்று சொல்லியிருக்கிறோம்.