வீட்டுக்குள் வரும் நத்தை



ஐப்பசி மழை பிடித்துவிட்டால் நம் ஆயக்குடிப் பக்கம் கொய்யாத் தோப்பு மட்டுமா செழிக்கிறது? நத்தையும்தான். ராத்திரியில் அங்கணத்து வழியாக ஏறி, அடுப்படிச் சுவரிலும் தண்ணீர்ப் பானையிலும் வெள்ளைக் கோடு இழுத்துவிட்டுப் போகிறது. "வாயில்லா ஜீவன், என்ன செஞ்சிடப் போகுது?" என்று இருந்துவிடுகிறோம்.

கையகலம் வளரும் ஆப்பிரிக்க நத்தை நம் நாட்டது அல்ல. 1847-ல் பென்சன் என்பவர் மொரீஷியஸிலிருந்து கல்கத்தாவுக்குக் கொண்டுவந்தது. இன்று கேரளம், தமிழ்நாடு வரை பரவிக் கிடக்கிறது. ஆண், பெண் இரண்டும் ஒரே உடம்பில். ஒரு தடவைக்கு நூறு முட்டைக்கு மேல் இடும். அதற்குக் குடும்ப நலம் பற்றி எடுத்துச் சொல்ல யாரும் இல்லை பாருங்கள்!

விஷயம் அதுவல்ல. எலியின் நுரையீரலில் ஒரு புழு வாழ்கிறது. அதன் குஞ்சுகள் எலிப் புழுக்கையில் வெளியேறும். புழுக்கையைத் தின்ற நத்தைக்குள் அவை வளரும். அந்த நத்தையோ, கீரையில் ஒட்டிய ஓடில்லாக் குட்டி நத்தையோ பச்சையாக நம் வயிற்றுக்குள் போனால், புழு மூளை வரை ஏறிவிடும். எல்லா நத்தையிலும் புழு இருக்காது. ஆனால் பார்த்துச் சொல்ல முடியாதே! ஆஸ்திரேலியாவில் 2010-ல் ஓர் இளைஞர் விளையாட்டாக ஓடில்லா நத்தையை விழுங்கினார். படுத்த படுக்கையாகி 2018-ல் இறந்தார். மூலத்துக்கு நல்லது என்று பச்சை நத்தை கொடுப்பவர்கள் இதை நினைத்துப் பார்க்க வேண்டும். தவழும் குழந்தை கையில் கிடைத்ததை வாயில் வைக்கும். அதுதான் பெரிய பயம்.

ஆகவே வீட்டுக்காரர், வீட்டம்மா இருவரும் சேர்ந்து செய்ய வேண்டிய வேலை இது. "அடுப்படி அவள் பாடு" என்று ஆண்கள் ஒதுங்கக் கூடாது. அங்கணத்து ஓட்டைக்குக் கம்பிவலை அடியுங்கள். சுவரோரம் கிடக்கும் ஓடு, செங்கல், அழுகிய கொய்யாப் பழம் எல்லாவற்றையும் அப்புறப்படுத்துங்கள், எலியும் குறையும். சாயங்காலம் கொல்லையில் ஈரச்சாக்கை விரித்து, அதனடியில் பப்பாளி இலையோ முட்டைக்கோஸ் இலையோ வையுங்கள். விடியற்காலையில் நத்தையெல்லாம் அதில் கூடியிருக்கும். வெறுங்கையால் தொடாமல், கையில் பிளாஸ்டிக் பை மாட்டிப் பொறுக்கி, உப்பை நிறையக் கரைத்த வாளியில் போட்டு, செத்தபின் ஆழக் குழிவெட்டிப் புதையுங்கள். மண்ணில் உப்பைக் கொட்டாதீர்கள், செடி பட்டுப்போகும். கடையில் விற்கும் நத்தைக் குருணை விஷம். குழந்தையும் நாயும் புழங்கும் வீட்டில் வேண்டவே வேண்டாம்.

சளிக் கோட்டைச் சோப்புத் தண்ணீரால் துடையுங்கள், கையையும் கழுவுங்கள். குடிதண்ணீரை மூடி வையுங்கள். கீரையை ஆய்ந்து, இலை இலையாக அலசி, நன்றாக வேகவையுங்கள். வெந்தால் புழு செத்துவிடும். பச்சையாகப் போடும் மல்லி, புதினாவில்தான் அதிகக் கவனம் தேவை.

குழந்தை நத்தையை வாயில் வைத்துவிட்டதா? உடனே வாயைக் கழுவிவிட்டு டாக்டரிடம் காட்டுங்கள். ஒன்றிரண்டு வாரம் கழித்துக்கூட கடுந்தலைவலி, வாந்தி, காய்ச்சல், கழுத்து விறைப்பு வரலாம். அப்படி வந்தால் ஒரு நாளும் தாமதிக்காமல் அரசு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். காய்ச்சல் என்று மட்டும் சொல்லாமல், நத்தை விஷயத்தையும் மறக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள்.